இணைந்த வலைகளில் ரசிகர் குழுக்கள்

1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்கு இன்றும் ரசிகர்கள் ஏராளம். 2023-ல் ரெடிட் நிறுவனம் வெளியார் செயலிகளுக்குக் கட்டணம் அறிவித்தபோது, அங்கே குழு நடத்திய சிலர் 'லெம்மி' மென்பொருளைக் கொண்டு சொந்தமாக சர்வரே அமைத்துவிட்டார்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரைக் கேட்கணுமே!

சொந்த சர்வர் என்றால் தனித்தீவா? இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரிதான். ஊருக்கு ஒரு எக்ஸ்சேஞ்ச், நடுவே டிரங்க் லைன். இங்கே அந்த லைனுக்குப் பெயர் 'ஆக்டிவிட்டிபப்'. 2018-ல் டபிள்யூ3சி அமைப்பு இதைத் தரநிலையாக ஏற்றது. லெம்மி, மாஸ்டடான் இரண்டும் இதே பாஷைதான் பேசுகின்றன.

ஆனால் லைன் தானாக வராது. நம் சர்வரில் யாராவது ஒருத்தர் வெளிக்குழுவில் சேர்ந்த பிறகுதான் அதன் புதிய பதிவுகள் இங்கே வந்துசேரும். ஆகவே நான் சொல்வது இதுதான்:

1. புதுக்குழு தொடங்கும் முன், இருப்பதைத் தேடுங்கள். ஒரே விஷயத்துக்குப் பத்து சர்வரில் பத்துக் குழு என்றால், பத்திலும் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

2. குழுவின் முகவரியை சர்வர் பெயரோடு முழுசாக எழுதுங்கள்.

3. மாஸ்டடானில் ஹேஷ்டேக் போடுங்கள். தேடுபவர் கண்ணில் பட அது உதவும்.

4. அந்தந்த சர்வரின் விதிகளைப் படியுங்கள். ஒரே விளம்பரத்தை எங்கும் ஒட்டினால், நம் சர்வரையே துண்டித்துவிடவும் கூடும்.

ஒருவர் சேர்ந்தால் அந்த சர்வரில் உள்ள அத்தனை பேருக்கும் கதவு திறக்கிறது. அந்த முதல் ஆளாக நாம் இருப்போமே!