அறுபது நாளில் தக்காளி பழுக்குமா?



2023 ஜூலை மாதம் ஞாபகம் இருக்கிறதா? தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனது. சென்னையில் அரசாங்கமே ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. எங்க வீட்டில் அம்மா வெறும் புளி ரசம் வைத்தார். இத்தனைக்கும் நம்ம மாவட்டத்து ராயக்கோட்டையில்தான் தக்காளி மண்டியே இருக்கு! அதற்கு அப்புறம் சில மாதத்தில் விலை விழுந்தபோது, ராயக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் மாமா பறிகூலிக்கே கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டார். அப்போதுதான் மொட்டைமாடியில் நாமே வளர்த்தால் என்ன என்று தோன்றியது.

முதல் தடவை செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கிய பெங்களூர் தக்காளியைப் பிழிந்து விதை எடுத்துப் போட்டேன். பன்னிரண்டு செடி வந்தது, பன்னிரண்டும் பன்னிரண்டு விதம். ஒன்று ஆள் உயரம், ஒன்றில் கோலிகுண்டு மாதிரி காய், இரண்டில் காயே இல்லை. அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். "மெண்டல் பட்டாணி பாடத்தை மறந்துட்டியாப்பா?" என்றார். கடைத் தக்காளி பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம், அதாவது இரண்டு ரகத்தைக் கலந்த முதல் தலைமுறை. அதன் விதை இரண்டாம் தலைமுறை. மெண்டல் ஒரே ஒரு குணத்தைப் பார்த்தபோதே 3:1 என்று பிரிந்தது. தக்காளியில் உயரம், பருமன், பழுக்கும் நாள் என்று எத்தனையோ குணம். எல்லாம் குலுக்கல் சீட்டு மாதிரி வரும்.

அதனால் அடுத்த தடவை ஒட்டு ரகம் இல்லாத சாதா ரகமாகத் தேடினேன். டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பூசா ரூபி சீக்கிரம் காய்க்கும் ரகம். நட்டு 60, 65 நாளில் பழம். அங்கேயே உருவான 'பூசா எர்லி டுவார்ஃப்' என்பதன் பெயரிலேயே சீக்கிரமும் குட்டையும் இருக்கு. நம்ம பெரியகுளத்து பி.கே.எம்.1 கூட ஒட்டு ரகம் இல்லை, விதை எடுத்து வைக்கலாம். பக்கத்தில் ஹெசரகட்டாவில் வந்த அர்க்கா ரக்ஷக் மூன்று நோயைத் தாங்கும், ஆனால் அது ஒட்டு ரகம்.

இங்கே எல்லாரும் ஏமாறுகிற விஷயம் ஒன்று. 60 நாள் என்பது விதை போட்ட நாளிலிருந்து இல்லை, நாற்று நட்ட நாளிலிருந்து! நான் பூசா ரூபியை 2024 அக்டோபர் 1-ஆம் தேதி விதைத்து, 26-ஆம் தேதி ஆறு பழைய பெயிண்ட் பக்கெட்டுகளில் நட்டேன். 2025 ஜனவரி 2-ஆம் தேதிதான் முதல் சிவப்பு. நட்டதிலிருந்து 68 நாள், விதையிலிருந்து 93 நாள். மார்கழிக் குளிர் கொஞ்சம் இழுத்துவிட்டது.

ஆனாலும் ஓசூர் தக்காளிக்கு நல்ல ஊர்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், ராத்திரி குளிர்ச்சி. ராத்திரியும் சூடாக இருந்தால் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். கிருஷ்ணகிரி நம்மைவிடத் தாழ்வு, சித்திரை வெயிலில் அங்கே ரொம்பக் கஷ்டம். 30 டிகிரிக்கு மேலே போனால் சிவப்பு நிறம் தருகிற லைக்கோபீனும் சரியாக ஊறாது, பழம் மஞ்சளடித்து நிற்கும்.

அப்பாவுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. அவர் வாரம் தண்ணீர் ஒருநாள் ரொம்ப, இரண்டு நாள் சுத்தமா இல்லை என்று ஆனது. நாலு காய்க்கு அடிப்பக்கம் கறுத்துப்போச்சு. பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன், வீண். அது பூச்சியே இல்லை. தண்ணீர் விட்டுவிட்டுப் போனால் கால்சியம் காய்க்குப் போய்ச் சேராது, அதனால் வருவது. முட்டை ஓடு போட்டால் உடனே சரியாகாது, தினமும் அளவாக ஊற்றினால் அடுத்த காய்கள் சரியாகும். இலை சுருண்டால் மட்டும் இரக்கம் பார்க்காதீங்க, செடியைப் பிடுங்கிடுங்க. வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ் அது, மருந்து கிடையாது. பீடி பிடிக்கிற தாத்தாவைக் கை கழுவிட்டுத் தொடச் சொல்லுங்க, புகையிலையிலிருந்தும் ஒரு வைரஸ் ஒட்டும்.

ஆறு செடியில் மொத்தம் ஒன்பது கிலோ வந்தது. சந்தைப் பழத்தை லேசாகச் செங்காயாக இருக்கும்போதே பறித்துவிடுவார்கள். லாரியில் போகப் போக, அதிலிருந்தே வருகிற எத்திலீன் வாயுவால் பழுக்கும். செடியிலேயே சிவந்த பழம் வேறு ருசி, பச்சையாகவே சாப்பிடலாம். பக்கத்து வீட்டு கன்னட ஆன்ட்டி அதை நறுக்கி, ஊறவைத்த பாசிப்பருப்பும் வெள்ளரியும் சேர்த்துக் கோசம்பரி செய்து கொடுத்தார். எங்க வீட்டில் கிண்ணத்துக்குச் சண்டை!

பொங்கலுக்கு வந்த மாமாவிடம், "நீங்களும் இதையே போடுங்களேன், சீக்கிரம் பழுக்கும்ல?" என்றேன். ஒரு பழத்தை அமுக்கிப் பார்த்தார். "தோல் மெல்லிசுடா. கிரேட்டுல அடுக்கினா சென்னை போறதுக்குள்ள சாறாயிடும். பத்து நாள் முந்தினா பத்து நாள் நல்ல வெலை, அப்புறம் எல்லாருக்கும் அதே வெலைதான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. போகும்போது ரெண்டு கிலோ கேட்டு வாங்கிட்டுப் போனார்.

விதை எடுத்து வைத்திருக்கேன். கூழோடு ரெண்டு நாள் புளிக்க வைத்து, கழுவி, நிழலில் காயவைத்தது. வேண்டும் என்பவர்கள் இடைவேளையில் 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு வந்து, ஆளுக்குப் பத்து விதை வாங்கிக்கலாம். காகிதப் பொட்டலம் கொண்டு வாங்க.