எதிரி எழுதிவைத்த வாழ்க்கை

கேள்வி: அக்டோபர் 14 அன்று பூசையில் எங்கள் பங்குச் சாமியார், அன்றைய புனிதரான திருத்தந்தை முதலாம் கலிஸ்து ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர் என்று பிரசங்கத்தில் சொன்னார். பிறகு ஒரு புத்தகத்தைப் புரட்டினால், விதவைகளின் பணத்தைக் கையாடிவிட்டுச் சுரங்கத் தண்டனை பெற்றவர் என்று போட்டிருக்கிறது. இது உண்மையா? அப்படிப்பட்டவரை எப்படிப் புனிதராக ஏற்றார்கள்? கலிஸ்து கல்லறையில் அவர் உடலே இல்லை என்கிறார்களே, அதுவும் சரியா?
– ஒரு வாசகி

பதில்: அந்தக் கதை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அதை எழுதியவர் இப்போலித்து என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். அவர் உரோமைக் குரு, பெரிய படிப்பாளி. 217 வாக்கில் கலிஸ்து திருத்தந்தையானதை ஏற்காமல் தனிக்குழுவாகப் பிரிந்து நின்றவர். அவருடைய நூலின் இந்தப் பகுதி 1842-ல் ஆதோஸ் மலையிலிருந்து பாரிசுக்கு வந்த ஒரு சுவடியில் கிடைத்தது, 1851-ல்தான் அச்சேறியது. கலிஸ்துவின் இளமை பற்றி நமக்குத் தெரிந்தது ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரே சாட்சியம்தான். வேண்டாதவர் வாயிலிருந்து வந்தது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

இப்போலித்து சொல்வது இது. அரண்மனையைச் சேர்ந்த கார்ப்போஃபோருஸ் என்ற கிறிஸ்தவரின் அடிமை கலிஸ்து. எஜமான் கொடுத்த முதலில் அவர் லேவாதேவி நடத்தினார். எஜமானின் பெயரை நம்பி விதவைகளும் சபையாரும் பணம் போட்டார்கள். பணம் போயிற்று. கலிஸ்து துறைமுகத்துக்கு ஓடிக் கப்பலேறினார். எஜமான் தேடி வருவதைக் கண்டதும் கடலில் குதித்தார். மாலுமிகள் இழுத்துப் போட, மாவரைக்கும் திரிகையில் பூட்டப்பட்டார்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். அவரை விடுவிக்கும்படி எஜமானிடம் கெஞ்சியது சபையாரேதான். வெளியே தனக்கு வரவேண்டிய பாக்கி நிற்கிறது என்று கலிஸ்து சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் சுருட்டியவனுக்கு எங்கிருந்து பாக்கி வரும்? கொடுத்த கடன் திரும்பாமல் நொடித்துப்போனார் என்றே எனக்குத் தோன்றுகிறது. விடுதலையானவர் ஓய்வுநாளில் யூதர்களின் தொழுகைக் கூடத்தில் போய்க் கலகம் செய்தார் என்கிறது நூல். சாவைத் தேடிப் போனார் என்பது இப்போலித்துவின் விளக்கம். கடனை வசூலிக்கப் போயிருப்பார் என்று நினைக்கும் ஆய்வாளர்கள் உண்டு. நகர ஆளுநர் ஃபுஸ்கியானுஸ் அவரைச் சாட்டையால் அடித்து, சார்தீனியாத் தீவின் சுரங்கத்துக்கு அனுப்பினார்.

அங்கிருந்து அவரை மீட்டது மார்சியா. பேரரசர் கொம்மோதுஸின் ஆசைநாயகி, கிறிஸ்தவர்கள்மேல் பரிவுள்ளவர். விசுவாசத்துக்காகச் சுரங்கத்தில் வாடுவோரின் பட்டியலைத் திருத்தந்தை விக்டரிடம் கேட்டு வாங்கி, விடுதலைக் கடிதம் அனுப்பினார். பட்டியலில் கலிஸ்துவின் பெயர் இல்லை. கடிதம் கொண்டுவந்தவரின் காலில் விழுந்து அழுது அவர் வெளியே வந்தாராம். விக்டர் அவரை ஆன்சியோ ஊரில் தங்கவைத்து மாதப்படி கொடுத்தார். அடுத்த திருத்தந்தை செஃபிரீன் அவரை உரோமைக்கு அழைத்து, ஆப்பியா சாலையிலிருந்த கல்லறையின் பொறுப்பைக் கொடுத்தார். பணத்தில் தவறியவர் என்று பேசப்பட்டவரிடம் சபையின் சொத்தையே ஒப்படைத்திருக்கிறார்கள். நேரில் பழகியவர்கள் அவரை எப்படி எடைபோட்டார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இனி உங்கள் முக்கியமான கேள்வி. திருத்தந்தையான கலிஸ்துமேல் இப்போலித்து அடுக்கும் குற்றங்களைப் படியுங்கள். விபசாரம் போன்ற கனமான பாவம் செய்தவர்களும் தவம் செய்து திரும்பினால் சேர்த்துக்கொண்டார். உயர்குடிப் பெண், அடிமையையோ விடுதலை பெற்ற அடிமையையோ துணையாகக் கொண்டால், உரோமைச் சட்டம் மறுத்த அந்த உறவைத் திருமணமாக ஏற்றார். கோதுமையோடு களையும் வளரட்டும் என்ற உவமையையும், எல்லா விலங்குகளும் ஏறிய நோவாவின் பேழையையும் பாவிகளைச் சேர்த்துக்கொண்டதற்கு ஆதாரமாகக் காட்டினார். எதிரி பழியாக எழுதிய இவைதான் அவர் புண்ணியத்துக்கு எனக்குக் கிடைக்கும் வலுவான சாட்சி. திரிகையும் சாட்டையும் சுரங்கமும் தெரிந்தவர், விழுந்தவனுக்குக் கதவை அடைக்கவில்லை. உரோமைச் சபை 354-ஆம் ஆண்டு நாட்காட்டியிலேயே அவரை மறைசாட்சிகளின் வரிசையில் வைத்திருக்கிறது. கிணற்றில் தள்ளிக் கொல்லப்பட்டார் என்பது பின்னாளில் எழுந்த மரபு.

இப்போலித்துவும் புனிதர்தான். 235-ல் பேரரசர் மாக்சிமீனுஸ் அவரையும் திருத்தந்தை போன்சியானையும் நாடுகடத்தினார். போன இடம் அதே சார்தீனியா. இருவரும் அங்கேயே இறந்தார்கள். பிளவு அதோடு முடிந்தது. இருவருக்கும் ஆகஸ்டு 13 ஒரே திருநாள்.

கல்லறை பற்றி நீங்கள் கேட்டது சரி. கலிஸ்து நிர்வகித்ததால் ஆப்பியா சாலைக் கல்லறைக்கு அவர் பெயர். 1854-ல் தொல்லியல் அறிஞர் தெ ரோசி அங்கே கண்டுபிடித்த திருத்தந்தையர் அறையில் 3-ஆம் நூற்றாண்டுத் திருத்தந்தையர் 9 பேர் அடக்கமாகியிருந்தார்கள். கலிஸ்து அவர்களில் இல்லை. 222-ல் இறந்த அவரை நகரின் எதிர்ப்பக்கம், அவுரேலியா சாலையிலுள்ள கலெப்போதியுஸ் கல்லறையில் புதைத்தார்கள். 9-ஆம் நூற்றாண்டில் அவருடைய திருப்பண்டங்கள் திராஸ்தேவெரே பகுதியின் புனித மரியா பேராலயத்துக்கு வந்தன. உரோமைக்குப் போனால் அங்கே போய் வேண்டிக்கொள்ளுங்கள்.