நகரங்கள் மாறின, பள்ளி தொடர்ந்தது

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரி உள்ளது. பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் இது ஒரு கத்தோலிக்கப் பள்ளி. 3 வயதில் சேரும் குழந்தை 18 வயது வரை ஒரே பள்ளிக் குடும்பத்திலேயே படிக்கலாம். இந்தப் பள்ளி பிறந்ததோ இங்கிலாந்துக்கு வெளியே.

கடல் கடந்த வகுப்பறை

முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில் கத்தோலிக்கர்கள் தங்கள் சமயவழிப் பள்ளியை நடத்த முடியாது. அனுமதியின்றிப் பிள்ளைகளைப் படிப்பதற்காக வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். அந்தச் சூழலில், இயேசு சபைத் துறவி ராபர்ட் பார்சன்ஸ் 1593இல் செயின்ட் ஓமர் நகரில் ஆங்கிலேய மாணவர்களுக்காக இப்பள்ளியைத் தொடங்கினார். இன்று பிரான்சில் இருக்கும் அந்நகரம் அப்போது ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது.

பின்னாளில் பிரான்சில் இயேசு சபை தடைக்கு உள்ளானது. 1762இல் மாணவர்களும் ஆசிரியர்களும் உலாவப் போவதுபோல் நகரைவிட்டு வெளியேறி, புரூஜ் நகரை அடைந்தனர். 1773இல் திருத்தந்தை இயேசு சபையையே கலைத்தபோது பள்ளி லியேஜ் நகருக்குப் போனது. 1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் நெருங்கின. அதற்குள் இங்கிலாந்தில் 1791ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு வழிவிட்டிருந்தது. முன்னாள் மாணவர் தாமஸ் வெல்ட் ஸ்டோனிஹர்ஸ்டில் இருந்த தம் மாளிகையைக் கொடுக்க, பள்ளி தாய்நாடு திரும்பியது.

கூடவே வந்தது எது?

கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. கற்பிக்கும் ஒழுங்கு மட்டும் கூடவே வந்தது. இயேசு சபை 1599இல் வெளியிட்ட கல்வித் திட்டம் வகுப்புகளைப் படிநிலைகளாக அமைத்திருந்தது. அந்த மரபில் வகுப்புகளுக்கு இலக்கணம், தொடரியல், கவிதை, சொற்கலை எனப் பெயர்கள் இருந்தன. மாணவர் எதைக் கற்றுத் தேற வேண்டும் என்பதை வகுப்பின் பெயரே சொன்னது.

இந்த ஒழுங்குக்கு இன்னொரு முகமும் உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில் 1868இல் இப்பள்ளியின் சிறுவர் பிரிவான ஹாடரில் சேர்ந்து, பிறகு பெரிய பள்ளிக்குச் சென்று 1875 வரை படித்தார். படிநிலைக்கு ஓராண்டு என ஏழு வகுப்புகள். அந்தப் பாடங்களின் வறட்சியையும் தண்டனைகளின் கடுமையையும் அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். பள்ளியைக் காத்த அதே ஒழுங்கு ஒரு சிறுவனுக்குச் சுமையாகவும் இருந்தது.

பள்ளியும் மாறத்தான் செய்தது. குருமாணவர்களுக்காகக் கட்டப்பட்ட செயின்ட் மேரிஸ் ஹால் 1946இல் சிறுவர் பள்ளியானது. 1999இல் பள்ளி முழுமையான இருபாலர் பள்ளியாயிற்று.

நம் சிந்தனைக்கு

ஒரே வளாகத்தில் படிப்பது மட்டுமே தொடர்ச்சி ஆகிவிடாது. 5ஆம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குச் செல்லும் குழந்தையுடன் மாற்றுச் சான்றிதழ் போகிறது. அக்குழந்தை எதில் தயங்குகிறது, எதில் மகிழ்கிறது என்பதை அறிந்த ஆசிரியரின் அனுபவம் போகிறதா? அடுத்த குறுவளமையக் கூட்டத்தில் 5ஆம் வகுப்பு ஆசிரியரும் 6ஆம் வகுப்பு ஆசிரியரும் அருகருகே அமர்ந்து, ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் ஒரு வரி பேசிப் பார்க்கலாம். தொடர்ச்சி அங்கிருந்தே தொடங்கும்.