நெக்ஸ்ட் பட்டனுக்கு ஒரு பூட்டு

அன்புள்ள மருமகளுக்கு,

போனில் நீ கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "மாமா, ஆடியோ முடியற வரைக்கும் நெக்ஸ்ட் பட்டன் அமுங்கக் கூடாதுன்னு க்ளையன்ட் சொல்றாங்க, எப்படிப் பண்றது?" அப்போது பஸ்ஸில் இருந்தேன். பக்கத்து சீட்காரர் சத்தமாகச் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இந்தக் கேள்வியை நான் முதன்முதலில் எதிர்கொண்டது, பாடங்களை சிடியில் போட்டுக் கூரியரில் அனுப்பிய காலத்தில். சிடி போய்விட்டது, கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

பூட்டுகிற வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ ஆன்லைன் கோர்ஸை ஸ்டோரிலைன் மென்பொருளில் செய்கிறாய். ஸ்லைடு தொடங்கும்போது நெக்ஸ்ட் பட்டன் டிஸேபிள்டு, ஆடியோ முடிந்ததும் நார்மல். இரண்டே ட்ரிக்கர். இதோடு நிறுத்திக்கொண்டு ரிவ்யூவுக்கு அனுப்பினால் டெஸ்டர் அரை மணி நேரத்தில் இரண்டு கொல்லைப்புற வழி கண்டுபிடிப்பார். ஒன்று, இடப்பக்க மெனு. அது திறந்து கிடந்தால் ஏழாவது ஸ்லைடிலிருந்து இருபதாவதுக்கு ஒரே தாவல். அதை 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக்கு. பார்த்த ஸ்லைடுக்குத் திரும்பலாம், பார்க்காததற்குத் தாவ முடியாது. 'லாக்டு' வேண்டாம். அதில் மெனு வழியாகப் பழைய ஸ்லைடுக்குக்கூடப் போக முடியாது. இன்னொரு வழி, கீழே ஓடும் சீக்பார். அதை எடுத்துவிடு, அல்லது ஒரு முறை முழுதும் ஓடிய பிறகே இழுக்க முடிகிற மாதிரி வை. ஸ்லைடுக்குத் திரும்பி வருகிறவரை நின்ற நிலையிலிருந்தே தொடரவிடு. அந்த செட்டிங்கை மறந்தால் ஏற்கெனவே கேட்டு முடித்தவர் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டிவரும். அவர் உன்னை வாழ்த்தமாட்டார்.

உன் டீமில் எச்டிஎம்எல்லில் சொந்தமாக பிளேயர் எழுதுகிற பையன் இருக்கிறான் என்றாயே, அவனிடம் சொல்: கடிகாரத்தை எண்ணாதே, ஆடியோ எதுவரை ஓடியது என்பதைப் பார். டைமர் வைத்து எண்ணினால், வேறு டேபுக்குப் போனதும் பிரவுசர் அந்த டைமரை மெதுவாக்கிவிடும், கணக்கு கெட்டுப்போகும். கேட்டதில் கடைசிப் புள்ளி எது என்று ஒரு எண் வைத்துக்கொள்ளட்டும். அதைத் தாண்டி இழுத்தால் அந்த எண்ணுக்கே திருப்பிவிடட்டும், பின்னால் போவதற்குத் தடை வேண்டாம். அந்த எண்ணை எல்எம்எஸ்ஸில் சேமிக்கும்போது ஒரு கவனம் தேவை. கோர்ஸும் எல்எம்எஸ்ஸும் பேசிக்கொள்ளும் தரமான ஸ்கார்ம் 1.2 வெளிவந்தது 2001இல். இன்றைக்கும் பாதிப் பேர் அதைத்தான் கேட்பார்கள். அதில் 'சஸ்பெண்ட் டேட்டா'வுக்கு இடம் 4096 எழுத்துதான். ஒவ்வொரு ஸ்லைடைப் பற்றியும் கதை எழுதி நிரப்பினால் பாதியில் வெட்டுப்படும், மறுநாள் வருகிறவர் முதல் ஸ்லைடில் நிற்பார். இன்னொன்று: 2018க்குப் பிறகு குரோம், ஆள் ஒரு முறையாவது கிளிக் செய்யாமல் சத்தத்தைப் பொதுவாகத் தானாக ஓடவிடுவதில்லை. முதல் ஸ்லைடில் 'தொடங்கு' என்று ஒரு பட்டன் வைக்காவிட்டால் ஆடியோவும் ஓடாது, நெக்ஸ்ட்டும் திறக்காது.

அப்படித் திறக்காமல் போனதை நான் அனுபவித்திருக்கிறேன். ஒரு நிறுவனத்துக்குச் செய்த கோர்ஸ். மார்ச் 31க்குள் எல்லாக் கிளைகளும் முடித்தாக வேண்டும். ஆடியோ முடிந்தால்தான் நெக்ஸ்ட் என்று நானே பூட்டியிருந்தேன், ரொம்பப் பெருமையாக. சிறு ஊர்க் கிளைகளில் இணைப்பு மந்தம். ஆடியோ ஃபைல் வந்தே சேரவில்லை. தொடங்காத ஆடியோ எப்படி முடியும்? ஆட்கள் ஒன்பதாவது ஸ்லைடில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து, ஆடியோ வராவிட்டால் எழுத்தைக் காட்டிப் பட்டனைத் திறந்துவிடும் ஒரு வழி வைக்காமல் நான் எதையும் பூட்டியதில்லை.

காது கேளாத ஊழியரையும் நினைத்துப் பார். நரேஷன் அவருக்கு இல்லை, ஆனால் அது முடியும்வரை 90 வினாடி திரையை வெறித்துக்கொண்டிருக்க வேண்டும். பார்வையற்றவருக்கு வேறு சிக்கல். அவருடைய ஸ்கிரீன் ரீடரும் உன் நரேட்டரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். 3 வினாடிக்கு மேல் தானாக ஓடும் ஒலியை நிறுத்தவோ குறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்று இணையதள அணுகல் விதிமுறைகள் சொல்வது இதற்காகத்தான். ஆகவே ஆடியோவை நிறுத்தும் 'பாஸ்' பட்டனில் கை வைக்காதே. முழு ஸ்கிரிப்டும் ஒரு கிளிக்கில் கிடைக்கட்டும். அதைத் திறந்து படித்தவரையும் கேட்டவராகவே எண்ணிக்கொள்.

உன் கேள்விக்குப் பதில் முடிந்துவிட்டது. நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன் கண்ணு, இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஒரு க்ளையன்ட் ஆபீஸில், நான் செய்த கோர்ஸை ஆட்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். மதியம் மூன்று மணி. வரிசையாக எட்டு கம்ப்யூட்டர், எட்டிலும் என் கோர்ஸ், எட்டும் மியூட். ஆட்கள் எல்லாம் டீக்கடையில். ஒரே ஒரு பையன் மட்டும் இருந்தான். ஒவ்வொரு திரையாகப் போய் நெக்ஸ்ட் ஒளிர்ந்ததும் தட்டிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தான். முறை வைத்துக்கொண்டார்களாம், அன்றைக்கு அவன் முறை. எல்எம்எஸ் அறிக்கையில் எட்டுப் பேரும் 100 சதவீதம். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. பூட்டு உருவாக்கித் தந்தது அந்தப் பையனுடைய வேலையைத்தான்.

அவர்கள் ஏன் தாண்ட நினைக்கிறார்கள்? சோம்பல் என்று உன் மேனேஜர் சொல்வார். நான் ஸ்டோரிபோர்டைத்தான் குறை சொல்வேன். திரையில் 150 சொல் இருக்கிறது, நரேட்டர் அதே 150 சொல்லை வாசிக்கிறார் என்று வை. ஆங்கில நரேஷன் நிமிடத்துக்குச் சுமார் 150 சொல் போகும், ஆக ஒரு நிமிடம். பெரியவர்கள் ஆங்கிலத்தை மௌனமாக வாசிக்கும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 240 சொல். 38 வினாடியில் படித்து முடித்துவிடுவார்கள். மிச்சம் 22 வினாடி சும்மா காத்திருக்க வேண்டும். 40 ஸ்லைடுக்குக் கூட்டிப் பார், கால் மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. படித்து முடித்தவனை இவ்வளவு நேரம் பிடித்துவைத்தால் அவன் டீக்கடைக்குப் போகாமல் வேறென்ன செய்வான்? கலிபோர்னியாவில் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் இதைப் பல காலம் சோதித்திருக்கிறார். படத்தோடு பேச்சு மட்டும் இருந்தால் மனசில் பதிவது, அதே பேச்சைத் திரையில் எழுத்தாகவும் ஓட்டினால் குறைகிறது. கண் எழுத்துக்கும் படத்துக்கும் நடுவே அலைகிறது.

பூட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. சட்டம் நிமிடத்தை எண்ணுகிற இடங்கள் உண்டு. கலிபோர்னியாவில் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய பயிற்சி, 5 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில், மேற்பார்வையாளருக்கு 2 மணி நேரம், மற்றவர்களுக்கு 1 மணி நேரம், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. ஆன்லைனில் நடத்தினாலும் அந்த நேரம் ஆக வேண்டும். அங்கே 20 நிமிடத்தில் ஒருவர் முடித்துவிட்டால் நிறுவனம் மாட்டிக்கொள்ளும். பூட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அதே விதி, படிப்பவர் கேள்வி கேட்டால் இரண்டு வேலை நாளுக்குள் பயிற்சியாளர் பதில் தர வேண்டும் என்றும் சொல்கிறது. பூட்டைக் கேட்கிற க்ளையன்ட் யாரும் இந்த இரண்டாவதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. இதே விஷயத்துக்கான நம் நாட்டின் 2013 சட்டமும் நிறுவனங்கள் விழிப்புணர்வுப் பயிற்சி நடத்த வேண்டும் என்கிறது. எத்தனை நிமிடம் என்று அதில் இல்லை. ஆகவே "சட்டம் சொல்லுது" என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேள். பாதி நேரம் அது அவர்களுடைய எச்ஆரின் ஆசையாக இருக்கும்.

நிமிடம் எண்ணத் தேவையில்லாத இடத்தில், பூட்டுக்குப் பதிலாகக் கேள்வியை வழியில் வை. உன் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற ஐஐடி மெட்ராஸையே எடுத்துக்கொள். அங்கிருந்து வரும் என்பிடிஇஎல் பாட வீடியோக்களை யூடியூபில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டலாம், பாதி தாண்டலாம், யாரும் தடுப்பதில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் வாராந்தர அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. தாண்டியவன் தாண்டட்டும், தேர்வறையில் தெரிந்துவிடும். கேள்வி சோதிக்க மட்டும் இல்லை, கற்றுக்கொடுக்கவும் செய்யும். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து முந்தியவர்கள், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான்.

உன் கோர்ஸ் கிடங்கு ஊழியர்களுக்கான தீ பாதுகாப்பு அல்லவா? ஏழாவது ஸ்லைடில் தீயணைப்பான் வகைகளை நரேட்டர் வரிசையாக ஒப்பிக்கிறார் என்றாய். அதை எடுத்துவிட்டு, ஸ்லைடு திறந்ததும் மின்பலகையில் புகை வரும் படம் ஒன்று. சுவரில் தண்ணீர் சிலிண்டரும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும். எதை எடுப்பாய்? தண்ணீரை எடுத்தவருக்கு மின்சாரம் தாக்கும் என்று அங்கேயே காட்டு. சரியானதை எடுத்தவரிடம், வாயு வெளிவரும் ஹார்னை எந்த இடத்தில் பிடிப்பாய் என்று அடுத்து கேள். வெறுங்கையால் ஹார்னைப் பிடித்தால் குளிரே தோலைச் சுட்டுவிடும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தவறு செய்தவர் தானாகவே ஆடியோவைத் தேடிப் போவார். எல்லாம் தெரிந்தவர் 40 வினாடியில் கடந்து போவார், போகட்டும்.

ஆடியோவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காதுதான் பாடம் என்றால் ஆடியோவை யாரும் தாண்டுவதில்லை. கால் சென்டர்காரர்களுக்கு வாடிக்கையாளர் கத்தும் அழைப்பு, நர்ஸுக்கு நெஞ்சில் கேட்கும் சீழ்க்கைச் சத்தம், மெக்கானிக்குக்குத் தேய்ந்த பேரிங்கின் இரைச்சல். உன் கிடங்கிலும் அப்படி ஒன்று உண்டு. எச்சரிக்கை மணிக்கும் வெளியேறு மணிக்கும் சத்தம் வேறு வேறு என்றால் அந்த இரண்டையும் பதிவு செய்து வாங்கிப் போடு. அந்த ஸ்லைடுக்கு மட்டும் பூட்டுப் போட்டால் நான் மறுப்பு சொல்லமாட்டேன்.

க்ளையன்ட்டிடம் நேரடியாக முடியாது என்று சொல்லாதே. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. ஒரே ஸ்லைடை இரண்டு மாதிரி செய்து, பூட்டியது ஒன்று, கேள்வி வைத்தது ஒன்று, அவர்கள் கிடங்கில் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்று உன் லீடைக் கேட்கச் சொல். ஒரு வாரம் கழித்து அந்தப் பத்துப் பேரிடமும் ஹார்னை எங்கே பிடிப்பது என்று கேட்டால் போதும்.

அந்த ஏழாவது ஸ்லைடின் ஸ்கிரிப்டை எனக்கு அனுப்பிவை. ஆடியோ 1 நிமிடம் 40 வினாடி என்று சொன்னாய். அவ்வளவு நேரம் பேச அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் மாமா