மகள் ஏன் சொல்லவில்லை?

ஒரே தெரு. எதிரெதிரே இரண்டு வீடுகள். இரண்டு வீட்டிலும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண்கள். ஒரே பேருந்தில் பள்ளிக்குப் போகிறார்கள். ஒரு வாலிபன் தினமும் அவர்கள் பின்னால் வருகிறான். கிண்டல் செய்கிறான்.

முதல் வீட்டில் அப்பா வைத்ததுதான் சட்டம். மறுபேச்சு கிடையாது. மகள் தாமதமாக வந்தால் அடி விழும். ஏன் தாமதம் என்று அவர் கேட்பதில்லை. மகள் மேல் அன்பு இல்லாமல் இல்லை. அடித்து வளர்த்தால்தான் பிள்ளை உருப்படும் என்று நினைக்கிறார். மகள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார் என்று பயந்தாள்.

எதிர் வீட்டிலும் கட்டுப்பாடு உண்டு. ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். இருட்டிய பிறகு பேருந்து குறைவு என்று அம்மா காரணமும் சொல்வார். இரவு பாத்திரம் துலக்கும்போது மகளோடு பேசுவார். பாதி நேரம் சினிமாக் கதைதான். அந்தப் பேச்சு வீண் போகவில்லை. ஒரு நாள் நடுவிலே மகள் சொன்னாள்: “அம்மா, ஒருத்தன் பின்னாலேயே வர்றான்.”

அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனாலும், “நீ என்ன செய்தாய்?” என்று கேட்கவில்லை. “எத்தனை நாளாக?” என்று கேட்டார். மறுநாளே தலைமை ஆசிரியரைப் பார்த்தார். காவலர் வந்து அந்த வாலிபனை எச்சரித்தார்.

அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். எங்கே போகிறாய் என்று அவனை யாரும் கேட்டதில்லை. கேட்ட பணம் கிடைக்கும். “ஆம்பளைப் பிள்ளை அப்படித்தான்” என்பார்கள்.

செய்தி டீக்கடைக்கு வந்தது. முதல் வீட்டு அப்பா அங்கேதான் கேள்விப்பட்டார். “என்னிடம் ஏன் சொல்லவில்லை?” என்று மகளிடம் கத்தினார். அன்றோடு அவள் பள்ளி நின்றது. மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் தொடங்கியது. தவறு செய்தவன் அவன். தண்டனை இவளுக்கு.

இந்த மூன்று விதங்களையும் ஒருவர் ஆராய்ந்தார். அவர் பெயர் டயானா பாம்ரிண்ட். அமெரிக்காவைச் சேர்ந்த உளவியல் அறிஞர். 1960களில் சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களைக் கவனித்தார். அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் கவனித்தார். கண்டிப்போடு அன்பும் பேச்சும் உள்ள வீட்டுப் பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும் பொறுப்பும் கூடுதலாக இருந்தன.

“அப்படியானால் பிள்ளை எதிர்த்துப் பேசலாமா?” என்று எங்கள் மையத்தில் தாய்மார் கேட்பதுண்டு. காரணம் கேட்பது எதிர்ப்பு ஆகாது. பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளைகள் காரணம் கேட்கத்தான் செய்வார்கள்.

இன்னும் சில செய்திகள். விருப்பம் இல்லாத பெண்ணை விடாமல் பின்தொடர்வது 2013 முதல் தனிக் குற்றம். 18 வயது ஆகாத பெண்ணுக்குத் திருமணம் செய்து வைப்பதும் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணுக்குப் பேசலாம். இரவிலும் பேசலாம். காசு இல்லை.

முதல் வீட்டுப் பெண் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். எதிர் வீட்டு அம்மா நாளை அவள் அப்பாவிடம் பேசப் போகிறார். அவர் எப்படிப் பேச்சைத் தொடங்கலாம்? உங்கள் மையத்தில் பேசிப் பாருங்கள்.