கணினிக்குள் ஒரு கணினி

மென்பொருள் உருவாக்கத்தைக் கற்கத் தொடங்கும் மாணவர் பலருக்கும் ஓர் அச்சம் உண்டு. வீட்டில் இருப்பதோ ஒரே கணினி. அதில் தந்தையின் அலுவலகக் கோப்புகளும் தங்கையின் பள்ளிப் பாடங்களும் குடும்ப நிழற்படங்களும் உள்ளன. புதிய மென்பொருள் ஒன்றை நிறுவப்போய்க் கணினியே பழுதடைந்துவிட்டால் என்ன செய்வது? இந்த அச்சத்தால் செய்து பார்க்காமலே ஒதுங்கிவிடுவோரும் உண்டு. ஆனால், நிரலாக்கம் செய்து பார்த்தும் தவறு செய்து திருத்தியும் கற்க வேண்டிய கலையாகும். பிறருக்குக் கேடு விளைவிக்காமல் தவறு செய்து பழகுவதற்கு ஓர் இடம் வேண்டும். அத்தகைய இடத்தை அமைத்துத் தருவதே மெய்நிகர் கணினி.

மெய்நிகர் கணினி கையால் தொடக்கூடிய பொருள் அன்று. ஒரு கணினியின் பணிகளை அப்படியே செய்துகாட்டும் மென்பொருள் அமைப்பு. அது உண்மைக் கணினியின் செயலி, நினைவகம், வன்தட்டு ஆகியவற்றில் ஒரு பகுதியைப் பெற்று இயங்குகிறது. இப்பகிர்வை மேற்பார்வையிடும் மென்பொருள் ‘ஹைப்பர்வைசர்’ எனப்படும். எடுத்துக்காட்டாக, விண்டோஸ் இயங்கும் கணினியின் திரையில் ஒரு சாளரம் திறக்கும். அச்சாளரத்துக்குள் லினக்ஸ் இயங்குதளம் முழுமையாக இயங்கும். உள்ளே இயங்குவதை ‘விருந்தினர்’ என்று கணினித் துறையினர் குறிப்பிடுவர். வரவேற்பறையில் தங்கும் விருந்தினரைப் போல, அது தனக்கு ஒதுக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே செயல்படும்.

இக்கருத்து புதியதன்று. 1960களில், ஓர் அறையையே நிறைக்கும் பெரிய கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தினர். ஒவ்வொருவருக்கும் தனிக்கணினி போன்ற சூழலை வழங்கும் முறையை ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாக்கினர். 1999இல் விஎம்வேர் நிறுவனம் இவ்வசதியைத் தனிநபர் கணினிக்குக் கொண்டுவந்தது. 2007இல் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளின் திறந்தமூலப் பதிப்பு வெளிவந்தது. இன்று மாணவர்கள் அதை இலவசமாகப் பதிவிறக்கிப் பயன்படுத்தலாம்.

மெய்நிகர் கணினியை அமைக்கும்முன், செயலியின் மெய்நிகராக்க வசதி இயங்கும் நிலையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, ஹைப்பர்வைசரை நிறுவி, உபுண்டு போன்ற லினக்ஸ் பதிப்பொன்றின் நிறுவல் கோப்பைப் பதிவிறக்க வேண்டும். பிறகு, நினைவகத்தையும் வன்தட்டு இடத்தையும் ஒதுக்க வேண்டும். இங்குதான் நிதானம் தேவை. 8 ஜிகாபைட் நினைவகமுள்ள கணினியில் பாதிக்குமேல் விருந்தினருக்குக் கொடுத்தால், வீட்டுக்குரியவருக்கே இடம் போதாமல் கணினி தடுமாறும். மெய்நிகர் வன்தட்டு என்பது உண்மை வன்தட்டில் சேமிக்கப்படும் கோப்புதான். உள்ளே சேரும் தரவுக்கேற்பச் சிறிது சிறிதாக வளரும்படி அதனை அமைக்கலாம். இறுதியாக, இயங்குதளத்தை நிறுவி, நிரல் எழுதத் தேவையான கருவிகளைச் சேர்த்தால் பணிக்கூடம் தயாராகிவிடும்.

இதன் தலைசிறந்த பயன், கணினியின் அப்போதைய நிலையை அப்படியே பதிவு செய்துகொள்ளும் வசதியாகும். இதனை நிலைப்பதிவு எனலாம். உபுண்டுவின் பல உட்பகுதிகள் பைத்தான் மொழியைச் சார்ந்து இயங்குகின்றன. இதை அறியாத மாணவர் ஒருவர், புதிய பதிப்பை நிறுவும் ஆர்வத்தில், இயங்குதளத்துடன் வந்த பைத்தானை நீக்கிவிடுகிறார் என்று கொள்வோம். அடுத்த முறை இயக்கும்போது வழக்கமான முகப்புத் திரையே தோன்றாமல் போகலாம். வீட்டின் ஒரே கணினியில் இப்படி நேர்ந்தால் குடும்பமே தவிக்கும். மெய்நிகர் கணினியிலோ, முன்பு எடுத்த நிலைப்பதிவுக்குத் திரும்பினால் போதும். சில நிமிடங்களில் எல்லாம் பழையபடி அமைந்துவிடும். தவறு ஏன் நேர்ந்தது என்பதை ஆராய்ந்து, மீண்டும் முயலவும் முடியும்.

குழுவாகப் பணியாற்றுவோருக்கும் இது கைகொடுக்கிறது. ஒருவர் எழுதிய நிரல் அவருடைய கணினியில் ஓடும். மற்றவருடைய கணினியிலோ பிழை காட்டும். மென்பொருள்களின் பதிப்புகள் வேறுபடுவது இதற்கொரு காரணம். ஒத்த செயலி வகையுடைய கணினிகளில், ஒரே மெய்நிகர் கணினியின் நகலை அனைவரும் பயன்படுத்தினால் இச்சிக்கல் பெருமளவு குறையும்.

எனினும், இதற்கும் எல்லை உண்டு. நிலைப்பதிவும் அதே வன்தட்டில்தான் இருக்கிறது. வன்தட்டு பழுதானால் அதுவும் அழியும். ஆகவே, முக்கியமான கோப்புகளுக்கு வேறோர் இடத்திலும் நகல் வைத்திருக்க வேண்டும். இரு கணினிகளுக்கும் பொதுவான கோப்புறையைத் திறந்து வைத்தால், உள்ளே நேரும் தவறு வெளியே உள்ள கோப்புகளையும் பாதிக்கலாம். விருந்தினருக்கு வீட்டின் எல்லாச் சாவிகளையும் கொடுப்பதில்லை அல்லவா?

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது முன்னோர் வாக்கு. ஆற்றில் இறங்கும்முன் குளத்தில் நீந்திப் பழகுபவர் ஆழத்துக்கு அஞ்சமாட்டார். மெய்நிகர் கணினியும் அத்தகைய குளமே. அதில் துணிந்து முயன்று, தவறிலிருந்து கற்கும் மாணவர், நாளை பலர் நம்பிப் பயன்படுத்தும் மென்பொருளைப் பொறுப்புடன் உருவாக்குவார்.