பொதுக் கணனியைப் பாதுகாப்பது எப்படி?



வீட்டுக் கணனியில் நடக்கும் தவறு அந்த வீட்டோடு முடிந்துவிடும். சங்க மண்டபத்திலும் நூலகத்திலும் பலர் பாவிக்கும் கணனியில் ஒருவர் செய்யும் மாற்றமோ, பின்னால் வந்து அமரும் அனைவரையும் பாதிக்கும். 2001, 2002 ஆம் ஆண்டுகளில் நியூயோர்க் நகரின் கிங்கோஸ் நகலெடுக்கும் கடைகளில் இருந்த வாடகைக் கணனிகளில், தட்டும் எழுத்துக்களையெல்லாம் பதிந்துகொள்ளும் மென்பொருளை ஒருவர் இரகசியமாக நிறுவினார். 450க்கும் மேற்பட்ட பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் அவர் கையில் சிக்கின. 2003இல் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இத்தகைய ஆபத்தைக் குறைக்கப் பொறுப்பாளர்கள் செய்ய வேண்டியவை மூன்று.

1. கணக்கைப் பிரித்தல்: நிர்வாகி கணக்கின் கடவுச்சொல் பொறுப்பாளரிடம் மட்டும் இருக்க வேண்டும். ஏனையோருக்குச் சாதாரண கணக்கே போதும். அதிலிருந்து கணனியின் முக்கிய அமைப்புக்களை மாற்ற முடியாது.

2. பழைய நிலைக்குத் திருப்புதல்: 'டீப் ஃபிரீஸ்' போன்ற மென்பொருட்கள், பாவிப்பவர் செய்யும் மாற்றங்களைத் தற்காலிகமாகவே வைத்திருக்கும். கணனியை அணைத்து மீண்டும் இயக்கியதும், சிலேற்றை அழித்தாற்போல் அனைத்தும் மறைந்துவிடும். மைக்ரோசொப்ற் நிறுவனம் இலவசமாக வழங்கிய 'ஸ்டெடி ஸ்டேட்' 2010 இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டது; அதை இனி நாட வேண்டாம்.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் எழுதிய பாடவேலையும் சேர்ந்தே அழியும். ஆகவே யூ.எஸ்.பி. நினைவகத்திலோ தமது மின்னஞ்சலிலோ சேமிக்கும்படி முன்கூட்டியே அறிவியுங்கள். பாதுகாப்புப் புதுப்பித்தல்களும் அவ்வாறே அழியும். வாரம் ஒருமுறை நிர்வாகி பூட்டை நீக்கி, அவற்றை நிறுவி, மீண்டும் பூட்ட வேண்டும்.

3. ஒவ்வொருவருக்கும் பின் மீள இயக்குதல்: முன்னவர் எதையாவது நிறுவியிருந்தால், மீள இயக்கும் வரை அது வேலை செய்துகொண்டே இருக்கும். எனவே நாள் முடிவில் மட்டும் அணைப்பது போதாது. யூ.எஸ்.பி. மூலம் கணனியைத் தொடக்கும் வழியையும் அடைத்து, பயோஸுக்குத் தனிக் கடவுச்சொல் இடுங்கள். விசைப்பலகையின் வடத்துக்கும் கணனிக்கும் இடையே அந்நியமான சிறு கருவி ஏதும் செருகப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதை எந்த மென்பொருளாலும் அழிக்க முடியாது.

இத்தனை காவல் இருந்தாலும், வங்கிக் கடவுச்சொல்லைப் பொதுக் கணனியில் தட்டாதிருப்பதே நன்று. நம் முதியோருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.